வாடகைக் காரில் இடுப்பு வலி: குறை மாடலிலா, அந்த ஒரு வண்டியிலா?

கேள்வி: கோவையிலிருந்து வால்பாறைக்குக் குடும்பத்தோடு போய்வர இரண்டு நாளைக்கு ஒரு சிறிய ஹேட்ச்பேக் காரை வாடகைக்கு எடுத்தேன். 50,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. அதே மாடலைப் புதிதாக வாங்கும் எண்ணத்தில்தான் எடுத்தேன். சின்னப் பள்ளத்துக்கெல்லாம் தூக்கிப் போட்டது. வேகம் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கியது. எனக்கு இடுப்பு வலி. பின்னால் இருந்த அம்மாவுக்கு மலை ஏறும்போது குமட்டல். அந்த மாடலை மறந்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்தோடு ஓடும் அந்த வாடகைக் கார், ஐம்பதாயிரம் கிலோமீட்டரில் எத்தனையோ பேர் கைமாறியிருக்கும். அதன் டயரும் ஷாக் அப்சார்பரும் பிறர் ஓட்டிய ஓட்டத்தைச் சொல்லும். இருக்கையும் பெடல்களும் கண்ணாடிகளின் அமைப்பும்தான் மாடலைப் பற்றிச் சொல்லும். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தூக்கிப் போட்டதற்கு என் முதல் சந்தேகம் டயர் காற்றின் மீதுதான். பலர் ஓட்டும் வண்டிகளில், அடிக்கடி பார்க்க வேண்டியிருக்காது என்று காற்றைக் கூடுதலாக அடித்து விடுவது உண்டு. இப்படித்தான் என் பட்டறைக்கு ஒருவர், ‘மாட்டு வண்டி மாதிரி குதிக்கிறது, ஷாக்கை மாற்றுங்கள்’ என்று வந்தார். நான்கு சக்கரத்திலும் காற்றழுத்தம் 42 பி.எஸ்.ஐ. இருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் தெரியும் ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருந்தது. அந்த அளவுக்கு இறக்கிவிட்டு, தெருமுனை வேகத்தடை வரை போய்வரச் சொன்னேன். திரும்பி வந்தவர் ஷாக் பேச்சையே எடுக்கவில்லை. அந்த ஸ்டிக்கரை யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். ஆள் குறைவாக இருந்தால் ஓர் அளவு, முழுச்சுமை என்றால் வேறு அளவு என்று பல கார்களில் அதிலேயே இருக்கும். காற்றை டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். நெடுந்தூரம் ஓடிய சூட்டில் அளவு கூட்டித்தான் காட்டும்.

அடுத்தது டயரின் அளவு. உதாரணத்துக்கு, மாருதி ஸ்விஃப்ட்டில் கீழ்நிலை வேரியன்ட்டுகளுக்கு (ஒரே மாடலில் வசதி குறைந்த வகைகளுக்கு) 165/80 ஆர்14, மேல்நிலைக்கு 185/65 ஆர்15 டயர்கள். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் முதல் டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர், இரண்டாவதன் பக்கச்சுவர் சுமார் 120. பள்ளத்தின் அடியை முதலில் வாங்குவது இந்தப் பக்கச்சுவர்தான். 12 மில்லிமீட்டர் குறைந்தால் வளைவில் பிடிப்பு நன்றாக இருக்கும், குழியில் அடி சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஆகவே நீங்கள் ஓட்டியது எந்த வேரியன்ட், வாங்கப்போவது எந்த வேரியன்ட் என்று பாருங்கள்.

ஸ்டீயரிங் நடுக்கத்தை மாடலின் கணக்கில் எழுதவே வேண்டாம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கரங்களில் பேலன்சிங் (சுற்றிலும் எடை சமமாக இருப்பது) போயிருக்கும், அல்லது குழியில் விழுந்து ரிம் வளைந்திருக்கும். இதை அலைன்மென்ட்டோடு, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தோடு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நம் சாலைகள் மழைநீர் வடிய இடப்பக்கம் சரிந்திருப்பதால், லேசாக இடப்பக்கம் இழுப்பது மட்டும் குறையல்ல.

இடுப்பு வலியைத்தான் நான் கவனமாக எடுத்துக்கொள்வேன். முதுகு இருக்கையில் முழுதாகப் பதிந்திருக்க, கிளட்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். அப்படி அமர்ந்தும் தொடையின் பாதி அந்தரத்தில் நின்றால், அந்த இருக்கை உங்கள் உடம்புக்குக் குட்டை. புதிய காரிலும் அது மாறாது. ஆனால் வாடகைக்கு வருவது பல நேரம் கீழ்நிலை வேரியன்ட். இருக்கையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் இல்லாமல் இருக்கலாம். மேல் வேரியன்ட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

அம்மாவின் குமட்டலுக்குப் பாதிக் காரணம் சாலை. ஆழியாறு பக்கமிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். மெதுவான, நீண்ட ஆட்டம்தான் வயிற்றைப் புரட்டும். சிறிய காரில் பின்இருக்கை பின்அச்சுக்கு அருகிலேயே இருப்பதால் குலுக்கலும் அங்கே அதிகம். முன்இருக்கையின் தலைசாய்ப்பு சாலையை மறைத்தால் இன்னும் மோசம். ஒன்பதாவது வளைவில் அணையைப் பார்க்க எல்லோரும் இறங்குவார்கள். அங்கிருந்து அம்மாவை முன்னால் உட்கார வைத்திருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலை என்றிருக்கும்.

மலையில் நீங்கள் கவனித்திருக்கக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் பிடியைச் சற்றுத் தளர்த்தினால் அது தானாக நேர்நிலைக்கு வர வேண்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சோம்பினால் அந்த வண்டியின் பழுது.

அடுத்து, ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். விற்பனையாளரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நல்ல சாலையில் மூன்று கிலோமீட்டர் சுற்றினால் ஒன்றும் தெரியாது. காற்றை ஸ்டிக்கர்படி வைக்கச் சொல்லி, வீட்டார் நால்வரையும் ஏற்றி, உங்கள் தெரு வேகத்தடையை 20 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து பாருங்கள். ஒருமுறை எழும்பி, ஒருமுறை இறங்கி, அடங்கிவிட வேண்டும். பின்இருக்கையில் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். ஓட்டிய உங்களுக்கு அது தெரியாது.