ஒரு டிஎன்ஏ மாதிரி, இரண்டு பட்டியல்: டிஎன்ஏ தரவு கேள்வி-பதில்

கே: ஒரே டிஎன்ஏ மாதிரியின் தரவை, மரபணு மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களான ஜிஏடிகே, டீப்வேரியண்ட் இரண்டிலும் ஓட்டினேன். பல இடங்களில் முடிவு ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது? – ஆராய்ச்சி மாணவி, யஷ்வந்த்பூர்

ப: முதலில் போலிச் சண்டைகளைக் களையுங்கள். ஒரே எழுத்து நீளமாகத் திரும்பி வரும் பகுதியில், ஒரே நீக்கத்தை (எழுத்து விடுபட்ட மாற்றத்தை) இரண்டும் வெவ்வேறு இடத்தில் தொடங்குவதாக எழுதியிருக்கலாம். பிசிஎஃப்டூல்ஸ் என்ற மென்பொருள் கொண்டு இரண்டு பட்டியலையும் சீராக்கிவிட்டு ஒப்பிடுங்கள், கணிசமாகக் குறையும்.

மிஞ்சுவது அணுகுமுறை வேறுபாடு. ஜிஏடிகே சந்தேகமான பகுதியின் ரீடுகளை (இயந்திரம் வாசித்த டிஎன்ஏ துண்டுகளை) மறுபடி கோத்து, எந்த வரிசை பொருந்துகிறது என்று நிகழ்தகவு போடும். கூகுளின் டீப்வேரியண்ட் ரீடுகளை அடுக்கிப் படமாக்கி, நியூரல் நெட்வொர்க்கிடம் காட்டும். பிறவி மாற்றங்களுக்கு நான் பின்னதன் பக்கம்தான். ஆனாலும் விடை தெரிந்த எச்ஜி002 மாதிரியை உங்கள் பைப்லைனிலேயே (பகுப்பாய்வுப் படிகளின் தொடரிலேயே) ஓட்டிச் சரிபாருங்கள். அப்போது 20ஆம் குரோமோசோமை மட்டும் எடுங்கள்: டீப்வேரியண்டின் பயிற்சியில் அதைச் சேர்ப்பதில்லை. மற்றதில் ஒப்பிட்டால், வினாத்தாளை முன்பே பார்த்தவனுக்குப் பரீட்சை வைத்த கதைதான்.

கே: ஓர் இடத்தில் 40 ரீடில் 5 மட்டும் மாறியிருக்கிறது. நிஜமா? – எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்

ப: ரத்தமா, புற்றுநோய்க் கட்டியா என்று சொல்லவில்லையே! ஒரு பெற்றோரிடமிருந்து வந்த பிறவி மாற்றமானால் 20 அளவில் இருக்க வேண்டும். 5 என்றால் சந்தேகப்படுங்கள். கட்டியில் நல்ல செல்களும் கலந்திருப்பதால் 5 சகஜம். அதற்கு மியூடெக்ட்2 போன்ற தனிக் கருவி வேண்டும். எதுவானாலும் ரீடுகளைக் கண்ணால் காட்டும் ஐஜிவி மென்பொருளில் திறந்து பாருங்கள். ஐந்தும் ஒரே திசையிலா? ரீடின் நுனியிலா? ஒரே துண்டை ஆய்வகத்தில் பெருக்கிய பிசிஆர் நகல்களா? எதற்கு 'ஆம்' என்றாலும் அது பிழையாக இருக்கலாம். பாரஃபினில் பதித்த பழைய திசுவில் 'சி' என்ற டிஎன்ஏ எழுத்து 'டி' (T) ஆக மாறியிருந்தால் அது திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் செய்த வேலையாகவும் இருக்கலாம்.

கே: அண்ணன் மகளின் மரபணுப் பரிசோதனை அறிக்கையில் 'முக்கியத்துவம் அறியப்படாத மாற்றம்' என்கிறார்கள். பயப்பட வேண்டுமா? – அல்சூர் வாசகர்

ப: மாற்றம் இருக்கிறது, நோயோடு தொடர்பு நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான். அதை மட்டும் வைத்துச் சிகிச்சை முடிவு எடுக்காதீர்கள். மரபணு ஆலோசகரைப் பாருங்கள். உலகத் தரவுத்தளங்களில் நம்மவர்கள் குறைவு என்பதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழக (ஐஐஎஸ்சி) வளாகத்து மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டம், சுமார் 10,000 இந்தியர்களின் ஜீனோமை வாசித்திருக்கிறது. அரிய நோய்க்குக் காரணம் என்று சந்தேகித்த மாற்றம் ஆரோக்கியமான பலரிடம் தென்பட்டால், சந்தேகம் வலுவிழக்கும். ஓரிரு வருடம் கழித்து அறிக்கையை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கே: இந்தப் பகுப்பாய்வுக்கு லேப்டாப் போதுமா? – மாணவர், கே.ஆர்.புரம்

ப: எக்ஸோமுக்கு (புரதங்களுக்கான குறிப்புள்ள பகுதிக்கு மட்டும்) பொறுமை இருந்தால் போதும். முழு ஜீனோம் என்றால் முதலில் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.