சோலினாய்டு காயில் கருகாமல் இருக்க: கேள்வி-பதில்

கேள்வி: 12 வோல்ட் சோலினாய்டுக்கு (கரண்ட் ஓடினால் காந்தமாகி இரும்புத் தண்டை இழுக்கும் காயில்) 12 வோல்ட்தான் கொடுத்தேன். சில நிமிடங்களில் தொட முடியாத சூடு. காயிலின் ரெசிஸ்டன்ஸ் 6 ஓம். எங்கே தவறு?

வோல்டேஜில் தவறில்லை, நேரத்தில்தான். 6 ஓம் என்றால் 2 ஆம்பியர் ஓடும். அது 24 வாட். பிளஞ்சர் (அந்த இரும்புத் தண்டு) உள்ளே வந்து நின்ற பிறகு அந்த 24 வாட்டும் முழுக்கச் சூடாகவே மாறுகிறது. காயிலில் 25% டியூட்டி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நான்கில் ஒரு பங்கு நேரம்தான் கரண்ட் ஓடலாம் என்று பொருள். அதற்காக ஒரு மணி நேரத்துக்கு 15 நிமிடம் தொடர்ந்து ஓட்டிவிடாதீர்கள்! ஒரே மூச்சில் அதிகபட்சம் எத்தனை விநாடி என்பது டேட்டாஷீட்டில் தனியாக இருக்கும்.

கேள்வி: எனக்கு அரை மணி நேரம் பிடித்து வைக்க வேண்டுமே?

சரி, வழி இருக்கிறது. பலம் தேவைப்படுவது இழுக்கும்போதுதான். பிளஞ்சர் உட்கார்ந்ததும் காற்று இடைவெளி மூடிவிடுவதால், குறைந்த கரண்டே பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் கால் விநாடி முழு வோல்டேஜ், அப்புறம் பிடபிள்யூஎம் (வோல்டேஜை மிக வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் முறை) மூலம் 50%. கரண்ட் பாதியானால் சூடு கால் பங்காகும்: மேலே சொன்ன காயிலில் 24 வாட் 6 ஆகிவிடும். காயிலுக்குக் குறுக்கே டயோடு கட்டாயம், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் எழும் வோல்டேஜ், காயிலை ஆன்-ஆஃப் செய்யும் ட்ரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். விசில் சத்தம் கேட்காமலிருக்க பிடபிள்யூஎம் வேகத்தை 20 கிலோஹெர்ட்ஸ் வைத்தால், 1என்4007 போன்ற மெதுவான டயோடு வேண்டாம், வேகமான ஷாட்கி டயோடு போடுங்கள். சுமையை மாட்டி, குலுக்கிப் பார்த்து, நழுவினால் சதவீதத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

கேள்வி: 24 வோல்ட் ஏசி வால்வு காயிலை 24 வோல்ட் டிசியில் ஓட்டலாமா?

கூடாது. ஏசியில் கரண்டைக் கட்டுப்படுத்துவதில் பெரும்பங்கு இண்டக்டன்ஸுக்கு (மாறும் கரண்டைக் காயில் எதிர்க்கும் தன்மை). டிசியில் அந்தத் தடை இல்லை, காயில் எரிந்துவிடும். ஏசியிலேயே கூட, பிளஞ்சர் பாதியில் சிக்கினால் இண்டக்டன்ஸ் குறைந்து இதே கதிதான். அதனால் கருகிய காயிலை மாற்றும் முன் உள்ளே அழுக்கைப் பாருங்கள். இதைச் செய்யாமல் இரண்டாவது காயிலையும் எரித்தவர்கள் நிறைய.

கேள்வி: உள்சூட்டை எப்படி அளப்பது?

மல்டிமீட்டர் போதும். செம்பின் ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்கு ஏறக்குறைய 0.39% கூடும். 25 டிகிரியில் 6 ஓம் காட்டியது, அணைத்த உடனே 7.8 காட்டினால் சூடு ஏறக்குறைய 77 டிகிரி ஏறியிருக்கிறது, அதாவது உள்ளே 100ஐத் தாண்டிவிட்டது. பி வகுப்பு இன்சுலேஷனுக்கு (காயில் கம்பியின் மேல்பூச்சு) எல்லை 130. ஏ வகுப்பென்றால் 105தான், உடனே கரண்டைக் குறையுங்கள்.