ஆழியாறு அணையில் எடுத்த எச்டிஆர் படம் ஏன் செயற்கையாகத் தெரிகிறது?

சாயங்காலம் மலையைப் பார்த்து எடுத்தால் வானம் வெளுக்கிறது, தென்னை கருக்கிறது, வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த மூன்று படங்களை ஒன்றாக்கி எச்டிஆர் செய்தால் பொம்மைப் படம் போல ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுப்பது எளிது. முக்காலி, ரா கோப்பு (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப் படம்), ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப்/8. ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள்: 1/60 நொடி சரியென்றால் கூடவே 1/250, 1/15 என மொத்தம் மூன்று படங்கள். அபெர்ச்சரைத் தொடாதீர்கள், ஃபோகஸ் ஆழம் மாறிவிடும்.

கெடுவது எடிட்டிங்கில்தான். மலைமுகட்டை 100 சதவீதத்தில் பாருங்கள். விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடினால் கிளாரிட்டி (விளிம்புகளை எடுப்பாக்கும் அமைப்பு) அதிகம், குறையுங்கள். நிழலையும் முழுக்கத் தூக்காதீர்கள். பொழுது சாயும்போது தோப்புக்குள் இருட்டு இருக்கத்தான் வேண்டும். அதை அழித்தால் அது சாயங்காலமாகவே இருக்காது. இன்னொன்று, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஓலை ஆடி இரட்டையாகத் தெரியும். எடிட்டிங் மென்பொருளில் இந்த இரட்டைத் தோற்றத்தை நீக்கும் டிகோஸ்ட் வசதியைப் போடுங்கள், அல்லது ஓலைக்கு மட்டும் ஒரே படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸையும் கவனியுங்கள். அகன்ற காட்சி தரும் 16 மி.மீ. லென்ஸில் ஆனைமலையே வரப்பு மாதிரி சுருங்கிவிடும். கேமராவைத் தாழ்த்தி, இரண்டடி தூரத்தில் ஈரப் பாறை ஒன்றை முன்னால் வையுங்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் மூன்றரை அடியில் ஃபோகஸ் செய்தால் பாறையும் மலையும் சேர்ந்தே தெளியும். மலைதான் முக்கியமென்றால் 35 மி.மீ. போதும்.