நடை தளர்ந்த பின் வந்த மறதி

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு 71 வயது. ஒன்றரை ஆண்டாகக் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நடக்கிறார். ஆறு மாதமாக, வாங்கிய ஆர்டரையே மறந்துவிடுகிறார். கழிப்பறைக்குப் போவதற்குள் சிறுநீர் கசிந்துவிடுகிறது. வயதானால் அப்படித்தான் என்கிறார்கள். இதற்கு வைத்தியம் உண்டா?

பதில்: மறதியைவிட, அது வந்த வரிசையே முக்கியம். அல்சைமர் நோயில் பெரும்பாலும் மறதி முந்தி வரும். நடை கெடுவது வெகு பின்னால்தான். உங்கள் தந்தைக்கோ முதலில் நடை தளர்ந்து, பிறகு மறதியும் சிறுநீர்க் கசிவும் சேர்ந்திருப்பதால், 1965-இல் சாலமோன் ஹக்கீம், ரேமண்ட் ஆடம்ஸ் என்ற மருத்துவர்கள் விவரித்த 'நார்மல் பிரஷர் ஹைட்ரோகெபலஸ்', அதாவது மூளைக்குள் நீர் தேங்கும் நோய், இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் ஊறினாலும், ஊற ஊற ரத்தத்தில் வடிந்துவிடுவதால் எந்நேரமும் இருப்பது சுமார் 150 மி.லி. மட்டுமே. வடிவது மந்தமானால் மூளையின் உள்ளறைகள் விரிகின்றன. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இது தெரிந்தால், கீழ்முதுகில் ஊசி செலுத்தி 30 முதல் 50 மி.லி. வரை நீரை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் நடக்கவிட்டு ஒப்பிடுவார்கள். நடை தேறினால், மிகுந்த நீரை வயிற்றுக்குள் வடியவிடும் 'ஷண்ட்' குழாய் பொருத்துவது பலன் தரக்கூடும். அதில் நடைதான் நன்றாகத் திரும்பும், மறதி அந்த அளவுக்குத் தேறாது என்பதையும், தொற்று, அடைப்பு, ரத்தக்கசிவு போன்ற ஆபத்துகள் உண்டு என்பதையும் அறிந்தே முடிவெடுங்கள். வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகளையும் விட்டுவிடாதீர்கள். அண்மையில் விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூளையைச் சுற்றி மெல்லத் தேங்கும் ரத்தமும் இதே வேடத்தில் வரும்.

நரம்பியல் மருத்துவரிடம் போகும் முன், தந்தை நாற்காலியிலிருந்து எழுவதையும், வாசற்படி தாண்டுவதையும், திரும்புவதற்கு எத்தனை அடி எடுக்கிறார் என்பதையும் கைபேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் பத்து நிமிடப் பேச்சைவிட அது அதிகம் சொல்லும். சிறுநீர்க் கசிவுக்கென மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் சில மறதியைக் கூட்டும். திடீர்த் தலைவலி, வாந்தி, ஒருபக்கத் தளர்ச்சி, மயக்க நிலை கண்டால் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை பட்டறையில் ஆசிட் சட்டிக்கும் பற்றவைக்கும் நெருப்புக்கும் அருகில் அவரைத் தனியே விடவேண்டாம்.