எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்றால் என்னவென்று எப்படிப் புரியவைப்பது?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர் என்று தோன்றுகிறது. கையில் பெரிதாகக் காசு இருக்காது. வாரத்துக்கு ஒரு பீரியட் கிடைத்தால் அதிகம், அதையும் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். அந்த நிலைமையை வைத்தே சொல்கிறேன்.

ரோபோ அறுவை சிகிச்சை, செயற்கை இதயம் என்று வீடியோ போட்டு ஆரம்பிக்காதீர்கள். வாயைப் பிளந்து பார்ப்பார்கள், மணி அடித்ததும் மறந்துவிடுவார்கள். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்பது மருத்துவத்துக்கான கருவிகளை உருவாக்கிப் பராமரிக்கும் பொறியியல். இந்தத் துறையின் அன்றாட வேலைகளில் முக்கியமான ஒன்று, உடம்பிலிருந்து வரும் மிகச் சின்னச் சமிக்ஞையை அதைவிடப் பெரிய இரைச்சலுக்குள்ளிருந்து, அதாவது வேண்டாத குறுக்கீட்டுக்குள்ளிருந்து, பிரித்தெடுப்பது. அதைக் கையால் ஒருமுறை செய்து பார்க்கட்டும். அதற்கு நாடித்துடிப்பு ஒன்றே போதும்.

முதல் வகுப்பு ஸ்டெதாஸ்கோப். 1816-இல் பாரிஸில் லென்னக் என்ற மருத்துவர் காகிதத்தை இறுக்கிச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதுதான் தொடக்கம். பிள்ளைகளும் காகிதத்தில் ஆரம்பிக்கட்டும். பிறகு ஒரு சின்னப் புனல், அதன் மூக்கில் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் குழாய் 40 செ.மீ., ஒரு பலூன். பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் புனல் வாயில் விறைப்பாக இழுத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். சத்தம் வரவில்லையென்றால் முதலில் குழாயும் புனலும் சேரும் இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் காற்று கசியும். அடுத்த சந்தேகம் பலூன் தொளதொளவென்று இருப்பது. இரண்டும் சரியென்றால் சட்டை உரசல். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். குழாய் ஒருவன் காதில் இருக்கும்போது இன்னொருவன் புனலுக்குள் கத்துவான், நிச்சயம் நடக்கும். காதுக்கு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வகுப்புதான் முக்கியம். வேண்டியவை: ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு (நிரல் எழுதி இயக்கும் குட்டிக் கணினிப் பலகை), பளிச்சென்ற சிவப்பு எல்.இ.டி. ஒன்று, எல்.டி.ஆர். (ஒளி கூடினால் மின்தடை குறையும் உணரி) ஒன்று, 220 ஓம், 10 கிலோ ஓம் மின்தடைகள், துணி மாட்டும் கிளிப், கறுப்பு ஸ்பாஞ்ச். கிளிப்பின் ஒரு தாடையில் எல்.இ.டி., எதிர்த் தாடையில் எல்.டி.ஆர்., நடுவில் விரல் நுனி. எல்.இ.டி.க்கு 5 வோல்ட்டிலிருந்து 220 ஓம் வழியாக 14 மில்லி ஆம்பியர் அளவில் போகும். எல்.டி.ஆரையும் 10 கிலோ ஓமையும் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைப் போர்டில் மின்னழுத்தத்தை அளக்கும் ஏ0 பின்னில் கொடுங்கள்.

போர்டை லேப்டாப்பில் இணைத்து அளவைகளைக் கோடாக வரைந்தால், திரையில் வருவது ஏறக்குறைய நேர்கோடு. கருவி கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் சொல்வார்கள், கெடவில்லை. விரலைக் கடந்து வரும் ஒளியில் துடிப்பால் மாறுவது ஒன்றிரண்டு சதவீதம்தான். ஆர்டுயினோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது, ஒரு படி கிட்டத்தட்ட 5 மில்லி வோல்ட். எல்.டி.ஆரின் மின்தடை ஒரு சதவீதம் மாறினால் நடுப்புள்ளியில் மாறுவது 5 வோல்ட்டில் அதிகபட்சம் கால் சதவீதம்தான். அப்படியானால் முழுத் துடிப்பும் இரண்டு முதல் ஐந்து படிக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கைப் பலகையில் அவர்களே போடட்டும்.

அடுத்து இரைச்சல். டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். அதனால் ஒரே ஒரு அளவை எடுத்து வரையாமல், சரியாக 20 மில்லி விநாடி தொடர்ந்து அளந்து சராசரி எடுத்து வரையச் சொல்லுங்கள். 20 மில்லி விநாடியில் மினுக்கல் இரண்டு முழுச் சுற்று முடித்துவிடுவதால் சராசரியில் காணாமல் போகும், கோட்டில் மேடு தெரிய ஆரம்பிக்கும். கூடவே எல்.எம். 358 என்ற பெருக்கிச் சில்லை வைத்துச் சமிக்ஞையைப் பெருக்கலாம், ஆனால் 5 வோல்ட்டில் ஓட்டினால் அதன் வெளியீடு 3.5 வோல்ட் பக்கத்திலேயே நின்றுவிடும். மேடு மழுங்கித் தெரிந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

கிளிப்பின் ஸ்பிரிங்கைத் தளர்த்த மறக்காதீர்கள். இறுக்கிப் பிடித்தால் விரலில் ரத்தமே ஓடாது, எதை அளப்பது? கை குளிர்ந்திருந்தாலும், அடர்த்தியான நகப்பூச்சு இருந்தாலும் துடிப்பு மங்கும். விரலை ஆட்டினால் வரும் அலை நாடியைவிடப் பல மடங்கு பெரிது.

மூன்றாவது வகுப்பில் கொரோனா காலத்தில் பலரும் வாங்கி வைத்த ஆக்ஸிமீட்டர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கியது, தங்கள் கருவி காட்டியது, ஆக்ஸிமீட்டர் காட்டியது, மூன்றையும் அட்டவணையில் எழுதட்டும். ஆக்ஸிமீட்டரின் உள்ளே 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு என்று இரண்டு ஒளி. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பைக் கூடுதலாகவும் உறிஞ்சும், அந்த விகிதத்திலிருந்துதான் ஆக்ஸிஜன் சதவீதம் வருகிறது. இதை 1974-இல் ஜப்பானில் முன்வைத்தவர் தகுவோ அவோயாகி. கறுத்த தோலில் இந்தக் கருவி ஆக்ஸிஜனைச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் சொல்லுங்கள். யார் தோலில் சோதித்துப் பார்த்தார்கள் என்ற கேள்வி தானாக வரும். நம் வகுப்பறைக்கு அது தேவையான கேள்வி.

இதற்கெல்லாம் கிராமத்துப் பள்ளியில் எங்கே போவது என்று சிலர் வருவார்கள். வகுப்புக்கு ஒரு போர்டு போதும், சென்னை ரிச்சி தெருவில் நகல் போர்டு மலிவு. மத்திய அரசுத் திட்டத்தில் அமைத்த அடல் டிங்கரிங் லேப் (பிள்ளைகள் செய்து பார்க்கும் ஆய்வகம்) உள்ள பள்ளி பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் பெட்டி பிரிக்காமலே கிடக்கிறது. அதுவும் இல்லையா, செல்போன் ஃபிளாஷைப் போட்டு கேமராவை விரலால் மூடி வீடியோ எடுங்கள். சிவப்பு கூடிக் குறைவது தெரியும்.

சொல்ல வந்ததிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். அறிவியல் கண்காட்சிகளில் அப்பா செய்துகொடுத்த, பல்பு எரியும் தெர்மாகோல் இதயத்துக்குத்தான் முதல் பரிசு. பிள்ளையே செய்து, கோடு நடுங்கி, ஏன் நடுங்குகிறது என்று காரணமும் சொல்லத் தெரிந்த கருவிக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைப்பதில்லை. நடுவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதுதான் நடக்கிறது.

பாதுகாப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். மேலே சொன்னதில் உடம்பைத் தொடுவது ஒளிதான், எல்.இ.டி.யின் கால்கள் தோலில் படாமல் ஸ்பாஞ்சால் மூடிவிடுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். மலிவான ஈ.சி.ஜி. மாட்யூல் வாங்கி பிள்ளைகள் மார்பில் எலக்ட்ரோடு ஒட்டும் ஆசை யாருக்காவது வந்தால், எட்டாம் வகுப்புக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன்.

முடிந்தால் கடைசியாகப் பக்கத்து மருத்துவமனையில் அனுமதி கேட்டு, கருவிகளைப் பராமரிக்கும் பிரிவைக் காட்டுங்கள். ஒவ்வொரு கருவியிலும் அடுத்த அளவுத்திருத்தத் தேதி (கருவி சரியாக அளக்கிறதா என்று சோதித்துத் திருத்த வேண்டிய நாள்) ஒட்டியிருக்கிறதா என்று பிள்ளைகள் தேடட்டும். தேதி தாண்டியிருந்தால் அங்கேயே சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போங்கள்.