டிக்கியில் வைத்த சாப்பாடு

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு காரில் 10 மணி நேரப் பயணம். சாப்பாடு வீட்டிலிருந்தே எடுத்துப் போகிறோம். போன முறை 3 வயது மகன் வழியெல்லாம் வாந்தி எடுத்தான். இந்த முறை முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமா? வெயிலில் சூடாகும் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரால் புற்றுநோய் வருமாமே? எந்தெந்தச் சத்துணவு எடுத்துப் போகலாம்?

பதில்: ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள். வராத நோய்க்கு அதைக் கொடுத்தால், அதுவே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். யாருக்கோ எழுதிக் கொடுத்து மீந்துபோன மருந்தென்றால் இன்னும் மோசம்.

சில மணி நேரம் காரில் கிடந்த பாட்டில் தண்ணீரால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. செல்போனில் வந்த செய்தியை அழித்துவிட்டு, தண்ணீரை நிறையவே எடுத்துப் போங்கள்.

போன முறை வண்டியை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் பையன் தெளிந்து விளையாடினானா? அப்படியென்றால் அது பயண வாந்தி. உங்கள் சமையல்மேல் பழி போடாதீர்கள். கிளம்பும் முன் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுங்கள், வயிறு முட்ட வேண்டாம். ஓடும் வண்டியில் செல்போனில் படம் பார்க்க விடாதீர்கள். வண்டி நின்ற பிறகும் வாந்தி தொடர்ந்தால்தான் சாப்பாட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

சத்துணவுப் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். ஒருநாள் பயணத்தில் சத்து குறைந்து யாரும் படுத்துவிடப் போவதில்லை. என்ன எடுத்துப் போகிறீர்கள் என்பதைவிட, அது எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் இருந்தது என்பதுதான் முக்கியம். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த வெதுவெதுப்பில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றியுள்ள வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி அதைச் சுலபமாகத் தாண்டும்.

சோற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. விடியற்காலையில் வடித்த சோற்றைச் சூட்டோடு டப்பாவில் அழுத்தி மூடினால், ஓரம் ஆறினாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் வித்துகள் முளைத்து நச்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. "முகர்ந்து பார்த்தேன் டாக்டர், நல்லாத்தான் இருந்தது" என்பார்கள். நச்சுக்கு வாசனை கிடையாது.

ஆகவே, ஒன்று கொதிக்கக் கொதிக்க நல்ல ஃப்ளாஸ்கில் எடுத்துப் போய், ஆறும் முன் சாப்பிடுங்கள். இல்லையென்றால் முதல் நாளே சமைத்து, தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பிறகு ஐஸ் பெட்டியில் அடுக்குங்கள். பால், முட்டை, இறைச்சிக்கும் இதே கணக்குத்தான். முழுப் பழம், ரொட்டி, பிஸ்கட் போன்றவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் 3 வயதுக் குழந்தைக்கு ஓடும் வண்டியில் முழுக் கடலையோ முழுத் திராட்சையோ கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொண்டால், முன் சீட்டில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

இத்தனைக்கும் பிறகு வாந்தியோ பேதியோ வந்துவிட்டால்? எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்று பாருங்கள். 6 மணி நேரமாகப் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கூப்பிட்டால் துவண்டு கிடக்கிறான் என்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. வழியில் இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இந்த நிலை இன்னும் சீக்கிரம் வரும்.

பையில் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம் இருக்கட்டும். அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, வாந்தி எடுத்து 10 நிமிடம் கழித்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். மடக் மடக்கென்று குடித்தால் அப்படியே திரும்பி வரும். பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைச் சிறு குழந்தைக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது, குடலின் அசைவையே முடக்கிவிடும். மேலே சொன்ன அறிகுறி தெரிந்தால் பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போங்கள். 'நம்ம டாக்டரிடமே காட்டிக்கலாம்' என்று ஊர் திரும்பும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.