மீனும் கீரையும் ஒரே நீரில்

கேள்வி: நிலாவெளியில் எங்கள் வளவில் 1000 லீற்றர் தாங்கியில் திலாப்பியா விட்டு, அதே நீரில் பொன்னாங்கண்ணி வளர்க்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?
– வாசகி, திருகோணமலை

பதில்: மீன் வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், சகோதரி. மீன்கழிவில் உண்டாகும் அமோனியா மீனுக்கே நஞ்சு. அதை நைத்திரைற்றாகவும், பின்னர் செடிகள் உறிஞ்சும் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள், கீரை நடும் சல்லிப் படுக்கையில் பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் செல்லும் என்பதால், அதுவரை சிறிதளவு அமோனியாவை மட்டும் இட்டு நீரைச் சுழலவிட்டு, அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையில் பூச்சியத்துக்கு இறங்கிய பின்னரே குஞ்சுகளை விடுங்கள். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே மீன்களை இழந்தவர்கள் பலர் என்பதால் இதை வற்புறுத்துகிறேன்.

கடற்கரையோரக் கிணற்றுநீர் உவர்ப்பாயின், திலாப்பியா தாங்கினாலும் கீரை தாங்காது. மழைநீரைச் சேர்த்துக் கலவுங்கள். கரையில் எளிதாகக் கிடைக்கிறதென்று முருகைக்கல்லையோ சிப்பியையோ படுக்கையில் இடவேண்டாம். அவற்றின் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை உயர்த்துவதால், இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் இளம் இலைகள் மஞ்சளாகும். கருங்கற்சல்லியே நல்லது; ஐயமிருந்தால் சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைக்கும் கல்லை ஒதுக்கிவிடுங்கள். பாசி படராதிருக்கத் தாங்கியின் மேல் கிடுகுப் பந்தல் போடுங்கள்.